அடுத்த தேதி: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்தடத்தில் மார்பகப் புற்றுநோய்க்குப் பிந்தைய வாழ்வு

அறுவை முடிந்து, கீமோ முடிந்து, கரண்டு வைத்ததும் (கதிர்வீச்சுச் சிகிச்சை) முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் பெண்ணின் கையில் மருத்துவமனை ஒரு சிகிச்சைச் சுருக்கத்தையும் அடுத்து வரவேண்டிய தேதியையும் கொடுத்தனுப்புகிறது. அந்தத் தேதி மூன்று மாதம் தள்ளி இருக்கும். அதன் பிறகு இன்னொரு மூன்று மாதம், பிறகு ஆறு மாதம், பிறகு வருடம் ஒருமுறை. மருத்துவருக்கு இது கண்காணிப்பு அட்டவணை. ஒரகடத்திலோ சுங்குவார்சத்திரத்திலோ ஷிப்ட் வேலைக்குப் போகிறவளுக்கு இதுவே லீவு விண்ணப்பம், சம்பளப் பிடித்தம், சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டிய காரணம்.

அந்தத் தேதிகள் எதற்காக, அவற்றைப் பற்றி மருத்துவ ஆய்வுகள் கண்டது என்ன, நோய் திரும்புமோ என்ற பயத்தை அவை எவ்வளவு தணிக்கின்றன, இந்தத் தடத்தில் வேலை செய்யும் பெண்ணால் அவற்றைத் தவறவிடாமல் இருக்க முடிகிறதா என்பவையே இக்கட்டுரையின் கேள்விகள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பரிசோதனைகளைப் பெருக்கினால் நிச்சயமின்மை குறையாது. முப்பது ஆண்டுகளாக ஆய்வுகள் இதைத்தான் சொல்லி வருகின்றன. அவள் வராமல்போனால் தேடிப்போகும் மருத்துவமும், மருத்துவமனைக்குப் போய்வந்தால் வேலை போகாது என்ற உறுதியும் இருந்தால்தான் அந்த நிச்சயமின்மையோடு வாழ முடியும். முதலாவதற்குத் தமிழ்நாட்டில் நல்ல முன்மாதிரிகள் உண்டு. இரண்டாவதைப் பற்றி நாம் பேசத் தொடங்கவே இல்லை.

நாற்பதைத் தொடும் முதல் தலைமுறை

ஹூண்டாயின் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து 1998இல் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2006இல் ஸ்ரீபெரும்புதூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் நோக்கியா கைபேசி உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் 2010இலும், டைம்லரின் பாரத்பென்ஸ் 2012இலும் வந்தன. கார், லாரி ஆலைகளில் ஆண்களே அதிகம். மின்னணு ஆலைகள்தான் பெண்களை ஆயிரக்கணக்கில் இத்தடத்துக்கு அழைத்துவந்தன. பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமோவோ முடித்த கையோடு, திருவண்ணாமலையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் வந்து கம்பெனி பஸ்ஸில் ஏறியவர்கள் அவர்கள். 2014 நவம்பரில் நோக்கியா ஆலை மூடப்பட்டது. சிலர் ஊர் திரும்பினார்கள். சிலர் வேறு ஆலைகளில் ஒப்பந்த வேலைக்குப் போனார்கள். சிலர் இங்கேயே மணமாகி, வாடகை வீடு பிடித்துத் தங்கிவிட்டார்கள்.

2006இல் இருபது வயதில் லைனில் நின்ற பெண் இன்று நாற்பதைத் தொடுகிறாள். இந்தியாவில் மார்பகப் புற்றுநோய் மேலைநாடுகளைவிட ஏறத்தாழப் பத்து ஆண்டு முன்னதாக, பெரும்பாலும் நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் வருகிறது. தொழில்தடத்தின் முதல் பெண் தலைமுறை அந்த வயதுக்குள் இப்போதுதான் நுழைகிறது. வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய விடுதி வளாகத்தைத் தமிழக அரசு 2024 ஆகஸ்டில் திறந்தபோது, அங்கே குடியேறியவர்கள் இருபது வயதையொட்டியவர்கள். அவர்களுக்கு இந்த நோய் அரிது. ஆனால் அந்த வளாகங்களையும் ஆலைகளையும் கூட்டிப் பெருக்குகிற, கேன்டீனில் சமைக்கிற, பாத்திரம் கழுவுகிற பெண்கள் பெரும்பாலும் நடுவயதுக்காரர்கள், பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். தொழிலாளர் உடல்நலம் என்றதும் விபத்தும் நச்சுப்புகையும் மட்டுமே நினைவுக்கு வருவதால் இந்த வயதுக்கணக்கை யாரும் போட்டுப்பார்த்ததில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டின்படி 2022இல் இந்தியாவில் 1,92,020 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் 98,337 பேர் அதனால் இறந்தார்கள். நாட்டின் 11 புற்றுநோய்ப் பதிவேடுகளின் தரவைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2024இல் வெளிவந்தது. நோய் கண்டறியப்பட்டு ஐந்து ஆண்டு கடந்தும் உயிரோடிருப்பவர்கள் 66.4 சதவீதம் என்கிறது அது. அமெரிக்காவின் 90 சதவீதத்தோடு ஒப்பிட்டால் வருத்தம் தருகிற எண்தான். அதற்குள் இன்னொரு செய்தியும் இருக்கிறது: மூன்றில் இரண்டு பெண்கள் சிகிச்சைக்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் வாழ்கிறார்கள். அந்த ஆண்டுகள் எப்படிக் கழிகின்றன என்பதற்கு நம்மிடம் விவரமும் இல்லை, ஏற்பாடும் இல்லை.

எவ்வளவு காலம் காத்திருப்பது

ஐந்து வருடம் தாண்டிவிட்டால் தப்பித்தோம் என்று பலரும் நம்புகிறார்கள். இது பாதி உண்மை. ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2 புரதமும் இல்லாத மும்மறை வகை, திரும்புவதானால் பெரும்பாலும் முதல் மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பிவிடும். அதைத் தாண்டியவர்களுக்கு ஆபத்து வெகுவாகக் குறைகிறது. இந்தியப் பெண்களிடையே இந்த வகை மேலைநாடுகளைவிட அதிகம். ஹார்மோன் ஏற்பி உள்ள வகையின் போக்கு வேறு. 62,923 பெண்களின் தரவைத் தொகுத்து ஆக்ஸ்போர்டை மையமாகக் கொண்ட ஆய்வுக்குழு 2017இல் வெளியிட்ட கட்டுரை, ஐந்து ஆண்டு ஹார்மோன் சிகிச்சையை முடித்தபின்னும், ஐந்தாம் ஆண்டிலிருந்து இருபதாம் ஆண்டுவரை நோய் சீரான வேகத்தில் திரும்பிக்கொண்டே இருப்பதைக் காட்டியது. கட்டி சிறியதாக இருந்து, அக்குள் நெறிக்கட்டிகளுக்குப் பரவாமல், வீரியமும் குறைவாக இருந்தவர்களுக்கு அந்தப் பதினைந்து ஆண்டுகளில் தொலைவிடங்களில் திரும்பும் வாய்ப்பு 10 சதவீதம். பெரிய கட்டியோடு நான்கு முதல் ஒன்பது நெறிக்கட்டிகளிலும் நோய் இருந்தவர்களுக்கு 41 சதவீதம்.

ஆகவே 'எனக்குச் சரியாகிவிட்டதா' என்ற கேள்விக்கு எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. பதில் அவளுடைய நோய்க்கூறு அறிக்கையில் இருக்கிறது. அந்த அறிக்கை எந்த வகை என்று சொல்கிறது, அதன்படி எந்த ஆண்டுகள் அதிகக் கவனத்துக்குரியவை என்பதை, படித்தவளோ படிக்காதவளோ, அவளுக்குப் புரியும் தமிழில் ஒருவர் உட்கார்ந்து சொல்ல வேண்டும். புறநோயாளிக் கூட்டத்தில் ஒரு மருத்துவருக்குக் கிடைக்கும் ஓரிரு நிமிடத்தில் அது நடப்பதில்லை. மருத்துவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்த உரையாடலுக்கென்று ஒரு செவிலியரையோ ஆலோசகரையோ அமர்த்தாத ஏற்பாட்டின் குறை இது.

ஸ்கேன் எடுத்தால் நிம்மதியா

சிகிச்சை முடிந்தவர்கள் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "முழு உடம்புக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்திடலாமா?" கேட்பதில் நியாயம் இருக்கிறது. முன்கூட்டியே கண்டுபிடித்தால் காப்பாற்றலாம் என்று முதல்முறை நோய் வந்தபோது அவளுக்குச் சொன்னோம். அதே நியாயம் இப்போதும் பொருந்தும் என்றுதானே அவள் நினைப்பாள்?

பொருந்தவில்லை என்று காட்டியவை இத்தாலியில் நடந்த இரண்டு ஆய்வுகள். இரண்டும் 1994இல் வெளிவந்தன. ஒன்றில் 1,320 பெண்கள், மற்றதில் 1,243 பெண்கள். ஒரு பிரிவினருக்கு எலும்பு ஸ்கேன், மார்பு எக்ஸ்ரே உள்ளிட்ட சோதனைகளைக் குறித்த இடைவெளியில் தொடர்ந்து செய்தார்கள். மறு பிரிவினருக்கு மருத்துவர் கையால் பரிசோதிப்பதும் மேமோகிராமும் மட்டும். வேறு சோதனைகள் தொந்தரவு தெரிந்தால்தான். முதல் பிரிவில் சில இடங்களில் நோய் சற்று முன்னதாகத் தெரிந்தது. ஆனால் யாரும் கூடுதல் காலம் வாழவில்லை. தொலைவுக்குப் பரவிய நோயைச் சில மாதம் முன்பே அறிவது அன்றைய சிகிச்சையின் விளைவை மாற்றவில்லை. அறிந்துகொண்டே வாழும் மாதங்கள்தான் கூடின.

அது பழைய கதை, இன்று மருந்துகள் மாறிவிட்டன என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும். அதனால்தான் ரத்தத்தில் மிதக்கும் கட்டியின் மரபணுத் துணுக்குகளைத் தேடும் புதிய ஆய்வுகள் நடக்கின்றன. மும்மறை வகை நோயாளிகளிடம் பிரிட்டனில் நடந்த அப்படியோர் ஆய்வு 2022இல் வெளிவந்தது. ரத்தத்தில் துணுக்குகள் தென்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு, ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது நோய் ஏற்கெனவே பரவியிருந்தது. இந்தப் பாதை நாளை எங்கே கொண்டுபோகும் என்பது வேறு விஷயம். இன்று அதை நம்பிப் பணம் கட்டச் சொல்வது தவறு.

இன்றைய வழிகாட்டு நெறிகள் சொல்வது மிக எளிமையானது. முதல் மூன்று ஆண்டுகள் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, நான்காம் ஐந்தாம் ஆண்டுகளில் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு மேமோகிராம். தொந்தரவு இல்லாதபோது பெட் ஸ்கேன், எலும்பு ஸ்கேன், சி.ஏ. 15-3 போன்ற ரத்தக் குறியீடுகள் தேவையில்லை. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு, அறுவைக்கு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு மேமோகிராமின் இடைவெளியையும் கூட்டலாம் என்று 5,235 பெண்களிடம் பிரிட்டனில் நடந்த மேமோ-50 ஆய்வு காட்டியிருக்கிறது.

எப்போது தேதிக்குக் காத்திருக்கக்கூடாது என்பதும் இந்த எளிமைக்குள் அடங்கியதே. அறுவைத் தழும்பிலோ அக்குளிலோ மறு மார்பிலோ புதிய கட்டி, இரண்டு மூன்று வாரமாகியும் ஓய்வெடுத்தும் போகாத எலும்பு வலி, காரணம் தெரியாத மூச்சிரைப்பு, விடாத தலைவலி, மஞ்சள் காமாலை, காரணமில்லாமல் எடை குறைதல் ஆகியவை வந்தால் அடுத்த தேதி எப்போதாக இருந்தாலும் உடனே போக வேண்டும். எட்டு மணி நேரம் நின்றபடி வேலை செய்கிறவளுக்கு இடுப்பும் முதுகும் வலிக்கத்தான் செய்யும். எந்த வலி வேலையின் வலி, எந்த வலி நோயின் வலி என்று பிரித்தறிவது அவளுக்கு எவ்வளவு கடினம் என்பதை எந்த வழிகாட்டு நெறியும் கணக்கில் எடுக்கவில்லை. அவளுக்குத் தேவை பெட் ஸ்கேன் அல்ல. சந்தேகம் வந்த வாரத்திலேயே போய்க் காட்ட, அவளை முன்பே அறிந்த ஒரு மருத்துவர்.

தினம் ஒரு மாத்திரை

ஹார்மோன் ஏற்பி உள்ளவர்களுக்கு உண்மையான பாதுகாப்பு ஸ்கேனில் இல்லை, மாத்திரையில் இருக்கிறது. மாதவிலக்கு நிற்காதவர்களுக்குப் பெரும்பாலும் தமாக்சிஃபென், நின்றவர்களுக்கு லெட்ரசோல் அல்லது அனஸ்ட்ரசோல். குறைந்தது ஐந்து ஆண்டு. தமாக்சிஃபெனைப் பத்து ஆண்டு தொடர்ந்தால் பயன் கூடுகிறது என்று 2013இல் அட்லஸ் ஆய்வு நிறுவியது. தமாக்சிஃபென் விலை மலிவான மாத்திரை. இருந்தும் பாதியில் நின்றுபோகிறது. அமெரிக்காவில் 8,769 பெண்களிடம் நடந்த ஆய்வில் (2010), நாலரை ஆண்டையும் ஒழுங்காக முடித்தவர்கள் 49 சதவீதம் மட்டுமே. அங்கேயே அப்படி.

ஏன் நிறுத்துகிறார்கள்? திடீரென உடல் கொதித்து வியர்க்கிறது. தூக்கம் கெடுகிறது. லெட்ரசோல் சாப்பிடுகிறவர்களுக்குக் காலையில் விரல்கள் மடங்க மறுக்கின்றன. மின்னணு ஆலையில் தலைமூடி, மேலங்கி, கையுறையோடு இருக்கிறவளுக்கு அந்த உடல்கொதிப்பு வரும்போது ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கக்கூட லைனை விட்டு நகர முடியாது. காலை ஷிப்டில் சிறு திருகாணிகளைப் பொருத்துகிறவளுக்கு விரல் விறைப்பு என்பது எண்ணிக்கைக் குறைவு. அலுவலகத்தில் அமர்ந்து வேலை செய்கிற பெண்ணுக்குத் தொந்தரவாக இருப்பது இவளுக்கு வேலைத்திறன் குறைந்துவிட்டது என்ற குற்றச்சாட்டாகிறது. மாத்திரையை நிறுத்துகிறாள்; அடுத்த தடவை மருத்துவரிடம் சாப்பிடுவதாகவே சொல்கிறாள். இந்தத் தொந்தரவுகளுக்கு மருந்தும் மாற்று மருந்தும் உண்டு. கேட்கப்பட்டால்தானே கிடைக்கும்?

மணமாகாத பெண்களும் குழந்தைக்காகக் காத்திருப்பவர்களும் நிறுத்துவதற்கு இன்னொரு காரணம் உண்டு. தமாக்சிஃபென் சாப்பிடும்போது கருத்தரிக்கக்கூடாது. ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு என்று கேட்டவுடன் வாழ்க்கையே முடிந்துவிட்டதாக அவர்கள் எண்ணுகிறார்கள். 2023இல் வெளிவந்த பாசிட்டிவ் ஆய்வு இங்கே பெரிய ஆறுதல். 42 வயதுக்குட்பட்ட 516 பெண்கள் பதினெட்டு முதல் முப்பது மாதம் மாத்திரை சாப்பிட்டபின் குழந்தைக்காக இரண்டு ஆண்டுவரை நிறுத்தினார்கள். மூன்று ஆண்டு முடிவில் நோய் திரும்பியவர்கள் 8.9 சதவீதம், நிறுத்தாதவர்களின் ஒப்பீட்டுக் குழுவில் 9.2 சதவீதம். நீண்டகால முடிவு இனிமேல்தான் வரவேண்டும். ஆனாலும் தானாக நிறுத்திவிட்டு ஒளிவதற்கும் மருத்துவரோடு பேசித் திட்டமிட்டு நிறுத்துவதற்கும் உள்ள தூரம் பெரிது. இதைத் தெரிந்துகொள்ளும் உரிமை ஒவ்வோர் இளம்பெண்ணுக்கும் உண்டு.

வேலை செய்யும் கை

அக்குள் நெறிக்கட்டிகள் முழுவதையும் அகற்றிய பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அந்தப் பக்கக் கை வீங்குகிறது. நிணநீர் வடிய வழியில்லாமல் தேங்குவதால் வரும் இவ்வீக்கம் சில மாதத்திலும் தொடங்கலாம், சில ஆண்டு கழித்தும் தொடங்கலாம். நோய் திரும்பியதோ என்ற பயம் முதலில் எழுகிறது. அதைவிட நிஜமான கவலை, இந்தக் கையோடு வேலைக்குப் போக முடியுமா என்பது.

இனிமேல் அந்தக் கையால் எதையும் தூக்காதே என்று வீட்டிலும் சில மருத்துவமனைகளிலும் சொல்லி அனுப்புகிறார்கள். அந்த ஒரு வாக்கியம் ஒரு தொழிலாளியின் பிழைப்பை முடித்துவிடும். அது சரியான அறிவுரையும் அல்ல. அமெரிக்காவில் 2009இல் வெளியான ஆய்வில், வீக்கம் வந்த பெண்களைப் பயிற்சியாளர் மேற்பார்வையில் சிறிது சிறிதாக எடை தூக்கச் செய்தார்கள். வீக்கம் கூடவில்லை, அது முற்றுவதுகூடக் குறைந்தது. பாஸ்டனில் 632 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த 2016ஆம் ஆண்டு ஆய்வில், அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்ப்பதற்கும் ஊசி போடுவதற்கும் வீக்கத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. தெளிவாகத் தொடர்பு இருந்தவற்றுள் ஒன்று தோலில் வரும் கிருமித்தொற்று. ஆலைக்குள் இருப்பவர்களுக்கு இது முக்கியமான செய்தி: தகடு கிழித்த விரல், கேன்டீன் அடுப்பில் சுட்ட கை, கரைசலில் வெடித்த தோல். எடை தூக்குவதை அறவே தடுப்பதைவிட நல்ல கையுறையும், காயம் பட்டவுடன் கழுவி மருந்திடுவதும், சிவந்து சூடானால் அன்றே மருத்துவரிடம் போவதும் அந்தக் கையைக் காக்கும். திடீரென்று முழு எடையோடு தொடங்காமல் சில வாரங்களில் படிப்படியாகப் பழைய வேலைக்குத் திரும்ப அனுமதிப்பது நிர்வாகத்தின் பங்கு. அதற்குச் செலவு ஏதுமில்லை; லைன் மாற்றிக்கொடுத்தால் போதும்.

பயம்

நோய் திரும்புமோ என்ற பயம் கோழைத்தனமோ மனநோயோ அல்ல. 9,311 பேரின் தரவைச் சேர்த்துப் பார்த்த 2022ஆம் ஆண்டு ஆய்வில், புற்றுநோயிலிருந்து மீண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இந்தப் பயம் கவனிக்கத்தக்க அளவில் இருந்தது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது தனிச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு இருந்தது. வயது குறைவானவர்களுக்கும் பெண்களுக்கும் கூடுதல். மருத்துவமனைத் தேதி நெருங்கும்போது தூக்கம் போவதும், முடிவு வந்தபின் சில வாரம் தளர்வதும், மறுபடி ஏறுவதும் இதன் போக்கு.

ஆஸ்திரேலியாவில் 222 பேரிடம் சோதித்து 2017இல் வெளியிட்ட 'கான்கர்ஃபியர்' முறை, ஐந்து அமர்வுகளில் இந்தப் பயத்தைக் குறைக்க முடியும் என்று காட்டியது. பயத்தை ஒழிப்பது அதன் இலக்கு இல்லை. ஒவ்வொரு வலியையும் துருவிப் பார்க்கும் பழக்கத்திலிருந்து கவனத்தை மீட்டு, எது தனக்கு முக்கியமோ அதில் செலுத்தக் கற்றுக்கொடுப்பதே அதன் வழி. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் இதற்கென உளவியல் துறை இயங்குகிறது. மற்ற இடங்களில் பெரும்பாலும் "தைரியமா இரும்மா" என்பதோடு சரி.

விடுதியில் ஓர் அறையில் பலரோடு தங்கியிருப்பவள் இந்தப் பயத்தை யாரிடம் சொல்வாள்? தங்கைக்கு வரன் வராது என்று வீட்டில் மறைக்கச் சொல்கிறார்கள். வேலைக்கு எடுக்கமாட்டார்கள் என்று அவளே மறைக்கிறாள். மாத்திரையை வேறு டப்பாவில் மாற்றிப் போட்டுக்கொள்கிறாள். மறைப்பதற்குச் செலவாகும் தெம்பு நோயைச் சமாளிக்கும் தெம்பிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அவள் மறைப்பதை நான் குறைகூற மாட்டேன். சொன்னால் வேலை நிலைக்கும் என்ற உறுதியை நாம் தராதவரை மறைப்பதே அவளுக்குப் பாதுகாப்பு.

வேலையும் காப்பீடும்

இந்தக் கேள்வியின் கடினமான பகுதி இங்கேதான். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்கும் ஆலைத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீடு உண்டு. அவள் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், நிர்வாகத்தின் பங்கு 3.25 சதவீதம். ஒப்பந்தக்காரர் கட்டத் தவறினாலும் கட்டவேண்டிய முதல் பொறுப்பு முதன்மை நிறுவனத்துக்கே என்று 1948ஆம் ஆண்டுச் சட்டம் வைத்தது. நோய்க்காலத்தில் ஆண்டுக்கு 91 நாள் 70 சதவீதச் சம்பளம். புற்றுநோய் உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு, இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்தவர்களுக்கு, 80 சதவீதச் சம்பளம் இரண்டு ஆண்டுவரை. இதைப் போராடிப் பெற்ற தலைமுறைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். சிகிச்சைக் காலத்தில் இது ஒரு குடும்பத்தைத் தாங்குகிறது.

சிகிச்சைக்குப் பிந்தைய காலத்தை மட்டும் இந்தச் சட்டம் எண்ணிப்பார்க்கவில்லை. நோய்க்கால உதவித்தொகை, புதிதாக எடுக்கும் லீவின் முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. செக்கப்புக்குப் போய்வர ஒரு நாள் போதும். ஆகவே அந்த ஒரு நாளுக்கு ஒன்றும் கிடையாது. நோய்க்கால உதவி பெறும்போது வேலைநீக்கம் செய்யக்கூடாது என்றது 73ஆம் பிரிவு. ஆண்டுக்கு மூன்று நான்கு முறை லீவு கேட்பவளின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விடுவதை அது தடுக்கவில்லை. வேலை நின்றால் காப்பீடும் நிற்கும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை செலுத்திய சந்தாவின் பயன் மறு ஆண்டு ஜனவரி முதல் ஜூன் வரை. செப்டம்பர் கடைசியில் ஒப்பந்தம் முடிந்தவளுக்கு, வேறு வேலை கிடைக்காவிட்டால், ஜூலையில் இ.எஸ்.ஐ. மருந்தகத்தின் கதவு மூடிக்கொள்கிறது. மாத்திரையோ ஐந்து ஆண்டுக்கு. அப்ரண்டிஸ் சட்டத்தின்கீழ் எடுக்கப்பட்டவர்களுக்கு இ.எஸ்.ஐ. தொடக்கத்திலிருந்தே கிடையாது.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்றால், அதற்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கணவனும் மனைவியும் ஆலைக்குப் போகும் வீட்டில் ஒருவர் சம்பளமே அதைத் தாண்டிவிடும். 21,000க்கு மேல் சம்பளம் வாங்கும் நிரந்தரத் தொழிலாளிக்குக் கம்பெனியின் குழுக் காப்பீடு உண்டு. அதுவும் வேலையோடு போகும். தனியாகக் காப்பீடு எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டுவரை காத்திருக்கச் சொல்லலாம். நான்கு ஆண்டாக இருந்த அந்த உச்சவரம்பை ஒழுங்குமுறை ஆணையம் 2024இல்தான் மூன்றாகக் குறைத்தது.

பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம், புற்றுநோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்தே ஒருவரை மாற்றுத்திறனாளிக்குரிய பாதுகாப்பில் வைக்கிறது. மீண்டபின்னும் அந்தப் பாதுகாப்பு போவதில்லை. பிரான்சில் சிகிச்சை முடிந்து ஐந்து ஆண்டுக்குப் பிறகு கடன் காப்பீட்டு நிறுவனத்திடம் புற்றுநோயைச் சொல்லத் தேவையில்லை. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் 21 குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. புற்றுநோய் அதில் இல்லை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களுக்கு விதிகள் வகுக்கப்படும் இந்தக் காலம்தான் இதைக் கேட்பதற்கான காலம். ஆண்டுக்கு நான்கு நாள் சம்பளத்தோடு மருத்துவ லீவு, ஹார்மோன் மாத்திரை முடியும்வரை இ.எஸ்.ஐ. மருத்துவம். தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் இவ்விரண்டும் இடம்பெற வேண்டும்.

தேடிப்போகும் மருத்துவம்

இத்தடம் இரண்டு புற்றுநோய் மருத்துவமனைகளுக்கு நடுவே கிடக்கிறது. கிழக்கே, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கி, டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் வளர்த்த அடையாறு மருத்துவமனை. மேற்கே, காஞ்சிபுரம் காரப்பேட்டையில், புற்றுநோயால் 1969இல் மறைந்த அண்ணாவின் பெயர் தாங்கிய அரசு மருத்துவமனை. தூரம் பெரிதில்லை. ஆனால் இரவு ஷிப்ட் முடித்துப் பஸ் ஏறி, சீட்டு எடுத்து, காத்திருந்து, மேமோகிராமுக்கு வேறொரு நாள் தரப்பட்டுத் திரும்புவதற்குள் இரண்டு நாள் கூலி போய்விடுகிறது.

சென்னையில் 1980களின் தொடக்கத்தில் அடையாறில் அமைந்த புற்றுநோய்ப் பதிவேடு, உயிர்பிழைப்பு விகிதத்தைக் கணக்கிட ஒரு சிக்கலைச் சந்தித்தது. மேலைநாடுகளில் இறப்புப் பதிவோடு ஒப்பிட்டாலே யார் இருக்கிறார், யார் இல்லை என்று தெரிந்துவிடும். இங்கே அது போதவில்லை. ஆகவே பதில் அஞ்சலட்டை அனுப்பினார்கள், தொலைபேசியில் கூப்பிட்டார்கள், பதில் வராத வீடுகளைத் தேடிப்போனார்கள். புள்ளிவிவரத்துக்காகச் செய்த இந்த வேலைதான் இன்று நமக்குத் தேவையான மருத்துவமும். தேதிக்கு வராத பெண்ணை அந்த வாரமே தொலைபேசியில் கூப்பிட ஓர் ஆள் வேண்டும். ஆலை மாறும்போது வீடும் கைபேசி எண்ணும் மாறுகிற இத்தடத்தில் இரண்டாவதாக ஓர் உறவினரின் எண்ணையும் வாங்கி வைத்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு தடவையும் பெரிய மருத்துவமனைக்குத்தான் வரவேண்டுமா? கனடாவில் 968 பெண்களை வைத்து நடந்த 2006ஆம் ஆண்டு ஆய்வு, குடும்ப மருத்துவர் பார்த்தாலும் புற்றுநோய் மையம் பார்த்தாலும் விளைவில் வேறுபாடு இல்லை என்று கண்டது. அந்தக் குடும்ப மருத்துவர்களுக்குக் கொடுக்கப்பட்டது ஒரே ஒரு பக்க வழிகாட்டுக் குறிப்பு. அதே குறிப்பைத் தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கும் இ.எஸ்.ஐ. மருந்தக மருத்துவருக்கும் கொடுக்க முடியாதா? ஆண்டுக்கு ஒருமுறை மேமோகிராமோடு காரப்பேட்டை, இடையில் வருவதெல்லாம் பக்கத்து நிலையம் என்று பிரித்துவிட்டால் அவளுக்கும் கூலி மிஞ்சும், அங்கே கூட்டமும் குறையும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டு வாசலில் மாத்திரை தருகிறது. இயன்முறை மருத்துவரும் அத்திட்டத்தில் வீடு தேடி வருகிறார். அந்தப் பையில் தமாக்சிஃபெனும் லெட்ரசோலும் ஏறலாம். மாத்திரை கொடுக்கும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர், தூக்கம் எப்படி, விரல் வலி எப்படி என்று இரண்டு கேள்வி கேட்கலாம். இயன்முறை மருத்துவர் வீங்கிய கையைப் பார்க்கலாம். பணியிடத்துக்கே வரும் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' 2024இல் தொடங்கியபோது ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் முன்வைத்தது. ஏற்கெனவே நோய் வந்து மீண்டவர்களும் அந்த வரிசையில் நிற்கிறார்கள். ஆனால் ஆலைக்குள் நடக்கும் முகாமில் அந்த விவரம் நிர்வாகத்தின் கைக்குப் போகாது என்பதற்கு எழுத்தில் உறுதி வேண்டும். அது இல்லாமல் முகாம் நடந்தால் அவள் அன்று லீவு போட்டுவிடுவாள்.

ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து இங்கே சிகிச்சை பெற்று ஊர் திரும்புகிறவர்கள் இந்த வலைக்கு வெளியே நிற்கிறார்கள். தொடர் பரிசோதனைக்கான ரயில் பயணத்திலும் புற்றுநோயாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு என்பதை மருத்துவமனை அவர்கள் மொழியில் சொல்லி, சான்றிதழையும் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். தமிழ்ப் பெண்ணோ ஒடியப் பெண்ணோ, நோய்க்கூறு அறிக்கை, ஹார்மோன் ஏற்பி, ஹெர்2 முடிவு, பெற்ற மருந்துகளின் பெயரும் அளவும், கரண்டு வைத்த பக்கமும் அளவும், மாத்திரை தொடங்கிய தேதி ஆகியவை ஒரே தாளில் இருக்க வேண்டும். அதைப் படம் எடுத்துக் கைபேசியிலும் வீட்டில் இன்னொருவர் கைபேசியிலும் வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். விடுதி மாறினாலும் ஆலை மாறினாலும் ஊரே மாறினாலும், புதிதாகப் பார்க்கிற மருத்துவர் அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.